யூனிட்டியில் ‘நல்’ பிழை: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழிமுறை

சுவரில் ஓர் ஆணி அடித்து, அதன் மேல் ‘பைக் சாவி’ என்று எழுதி ஒட்டியாயிற்று. ஆணி இருக்கிறது, பெயரும் இருக்கிறது. சாவியை யாராவது கொண்டுவந்து மாட்டினால்தான் உண்டு. யூனிட்டி என்ற கேம் எஞ்சினில், ஆட்டத்துக்கான கோடு எழுதும் ஸ்கிரிப்ட்டில்

பிரைவேட் ரிஜிட்பாடி உடல்;

என்று எழுதுவது அந்த ஆணியை அடிப்பது மட்டும்தான். ரிஜிட்பாடி என்பது ஓர் ஆப்ஜெக்ட்டை இயற்பியல் விதிப்படி அசைய வைக்கும் பகுதி. ‘இதில் ரிஜிட்பாடி வகைச் சாவியைத் தவிர வேறெதையும் மாட்டக் கூடாது’ என்று கம்பைலரிடம் சொல்லி வைத்திருக்கிறோம், அவ்வளவே. அந்த நேரத்தில் மாறியின் மதிப்பு நல். தமிழில் எழுதினால் ஏதோ நல்லது போலத் தோன்றும். பொருள் என்னவோ ‘ஒன்றுமில்லை’.

சாவியை மாட்ட நான்கு வழிகள் உண்டு. ஆப்ஜெக்ட்டில் ஏற்கெனவே இருக்கும் காம்பொனன்ட்டை, அதாவது அதில் ஒட்டப்பட்ட ஒரு பகுதியை, கெட்காம்பொனன்ட் மூலம் எடுப்பது. ஆப்ஜெக்ட்டின் விவரங்களைக் காட்டும் இன்ஸ்பெக்டர் ஜன்னலில் இழுத்துப் போடுவது. இல்லாத காம்பொனன்ட்டை ஆட்காம்பொனன்ட் மூலம் புதிதாகச் சேர்ப்பது. பிரிஃபேப்பை (கோப்பாகச் சேமித்த மாதிரி ஆப்ஜெக்ட்டை) இன்ஸ்டான்ஷியேட் செய்து, வரும் நகலைப் பிடித்துக்கொள்வது. இந்தப் பட்டியலில், சி ஷார்ப் மொழியில் புதிய ஆப்ஜெக்ட்டை உருவாக்கும் ‘நியூ’ இல்லை. அது ஏன் என்பது தனி அறிகுறியாகவே கீழே வருகிறது.

இங்குள்ள கோடு வரிகள் ஒலிப்படி தமிழில் எழுதப்பட்டவை. எடிட்டரில் யூனிட்டியின் சொற்களையும் சி ஷார்ப்பின் சொற்களையும் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். ஆனால் உடல், தோட்டா, எதிரிகள் போன்ற மாறிப் பெயர்களை இப்படியே தமிழில் தட்டினாலும் சி ஷார்ப் கம்பைலர் ஏற்றுக்கொள்ளும்.

முதல் வேலை: பிழையின் பெயரைப் படிப்பது

பிழைச் செய்திகள் வரும் கன்சோல் ஜன்னலில் சிவப்பு வரியைப் பார்த்ததும் கோடைத் திருத்தப் பாயாதீர்கள். வரியின் தொடக்கத்தில் இருக்கும் பெயரே பாதி விடை. நான்கு பெயர்கள் அடிக்கடி வரும்.

நல்ரெஃபரன்ஸ்எக்ஸெப்ஷன்: மாறியில் எதுவும் இல்லை, நீங்கள் அதன் உள்ளே கை விட்டுவிட்டீர்கள்.

அன்அசைன்ட்ரெஃபரன்ஸ்எக்ஸெப்ஷன்: இன்ஸ்பெக்டரில் தெரியும் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டிருக்கிறீர்கள். எந்த மாறி, எந்த ஸ்கிரிப்ட் என்று செய்தியே சொல்லிவிடும்.

மிஸ்ஸிங்காம்பொனன்ட்எக்ஸெப்ஷன்: தேடிய காம்பொனன்ட் அந்த ஆப்ஜெக்ட்டில் ஒட்டப்படவே இல்லை. ஆப்ஜெக்ட்டின் பெயரும் செய்தியில் இருக்கும்.

மிஸ்ஸிங்ரெஃபரன்ஸ்எக்ஸெப்ஷன்: சாவி ஆணியில்தான் தொங்குகிறது, ஆனால் வண்டியை நொறுக்கிவிட்டார்கள். ஆப்ஜெக்ட் டெஸ்ட்ராய் ஆகிவிட்டது.

பிழை, ஃபிரேம்தோறும் ஓடும் அப்டேட் மெத்தடுக்குள் இருந்தால் ஃபிரேமுக்கு ஒரு சிவப்பு வரி குவியும். கடைசி வரியைப் படித்துப் பயனில்லை, முதல் வரிதான் முக்கியம். கன்சோலின் மேல்பட்டையில் ‘எர்ரர் பாஸ்’ பொத்தானை அழுத்தி வையுங்கள். முதல் பிழையிலேயே ஆட்டம் நின்றுவிடும், அந்தக் கணத்தில் இன்ஸ்பெக்டர் எப்படி இருந்தது என்பதை நிதானமாகப் பார்க்கலாம்.

அறிகுறி: நல்ரெஃபரன்ஸ் வருகிறது, ஒரே வரியில் ஒன்றுக்கு மேற்பட்ட புள்ளிகள்

தோட்டா.கெட்காம்பொனன்ட்<ரிஜிட்பாடி>().ஆட்ஃபோர்ஸ்(திசை * வேகம்);

இந்த வரியில் யார் நல்? திசை வெக்டர்3 வகை, வேகம் ஃப்ளோட் வகை. இவை மதிப்பு வகைகள். கிளாஸ் மட்டத்தில் அறிவித்தால் பூஜ்ஜியத்தோடு பிறக்கும், நல் ஆகவே முடியாது. புள்ளிக்கு இடப்பக்கம் நிற்பவை மட்டுமே சந்தேகத்துக்குரியவை. இங்கே அவை இரண்டு: ‘தோட்டா’ என்ற மாறி, கெட்காம்பொனன்ட் திருப்பித் தரும் விடை. வரியை இரண்டாக உடைத்தால் வரி எண்ணே குற்றவாளியைக் காட்டிவிடும்:

ரிஜிட்பாடி ஆர்பி = தோட்டா.கெட்காம்பொனன்ட்<ரிஜிட்பாடி>();
ஆர்பி.ஆட்ஃபோர்ஸ்(திசை * வேகம்);

முதல் வரியில் விழுந்தால் தோட்டா நல். இரண்டாம் வரியில் விழுந்தால் தோட்டாவில் ரிஜிட்பாடி இல்லை.

அறிகுறி: கெட்காம்பொனன்ட் எழுதியிருக்கிறேன், ஆனாலும் நல்

புதிதாகக் கற்பவர்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். கோடு பார்க்கச் சரியாகவே இருக்கும்:

பிரைவேட் ரிஜிட்பாடி உடல்;

வாய்ட் அவேக்()
{
    ரிஜிட்பாடி உடல் = கெட்காம்பொனன்ட்<ரிஜிட்பாடி>();
}

அவேக் என்பது ஆப்ஜெக்ட் விழித்ததும் யூனிட்டி தானே ஒருமுறை கூப்பிடும் மெத்தட். அதன் உள்ளே இருக்கும் வரியின் முதல் சொல்லைப் பாருங்கள். வகைப் பெயரை மறுபடி எழுதியதால் அது மதிப்பளிப்பு மட்டுமல்ல, புதிய அறிவிப்பும்கூட. அதே பெயரில் இன்னோர் ஆணி, இந்த முறை அவேக்கின் அடைப்புக்குறிகளுக்குள். சாவி அதில் மாட்டப்பட்டது. அவேக் முடிந்ததும் அந்த ஆணி மறைந்தது. வெளியே, கிளாஸ் மட்டத்தில் இருக்கும் ‘உடல்’ என்ற ஃபீல்டு இன்னும் காலி. கம்பைலருக்கு இதில் புகார் எதுவும் இல்லை, இரண்டும் சட்டப்படி சரியே. ‘இந்த ஃபீல்டுக்கு யாரும் மதிப்பே தரவில்லை’ என்ற மஞ்சள் எச்சரிக்கை, எண் சிஎஸ்0649, சில நேரம் வரும். மஞ்சளை நாம் யாரும் படிப்பதில்லை.

திருத்தம்: வகைப் பெயரை நீக்குங்கள்.

உடல் = கெட்காம்பொனன்ட்<ரிஜிட்பாடி>();

வகைப் பெயருக்குப் பதில் சி ஷார்ப்பின் ‘வேர்’ என்ற சொல்லைப் போட்டு எழுதினாலும் இதே கதிதான். இந்தத் தவறு மறுபடி வராமலிருக்க, ஃபீல்டு பெயர்களின் முன்னால் ஓர் அடிக்கோடு வைக்கும் வழக்கத்தைப் பின்பற்றலாம். அதன் பிறகு உள்ளே இருப்பது எது, வெளியே இருப்பது எது என்று கண்ணுக்கே தெரியும்.

வகைப் பெயர் இல்லை, ஆனாலும் நல் என்றால், அவேக் உண்மையில் ஓடுகிறதா என்று பாருங்கள். உள்ளே ஒரு டீபக்.லாக் வரி போதும். ஓடாமல் இருக்க மூன்று காரணங்களைச் சோதிக்கலாம்.

ஒன்று, எழுத்து. முதல் எழுத்தைச் சிறிய எழுத்தில் தட்டியிருந்தால், அல்லது ஆன்எனேபிள் (ஆப்ஜெக்ட் இயக்கப்படும்போது ஓடும் மெத்தட்) நினைவில் ‘ஆன்அவேக்’ என்று எழுதியிருந்தால், அது உங்கள் சொந்த மெத்தட். யூனிட்டி அதைக் கூப்பிடாது. இதற்குப் பிழைச் செய்தியும் கிடையாது.

இரண்டு, மரபுரிமை. ‘எதிரி’ என்ற தாய் கிளாஸில் அவேக் இருக்கிறது, அங்கேதான் உடல் நிரம்புகிறது. ‘பறக்கும்எதிரி’ என்ற சேய் கிளாஸில் நீங்கள் இன்னோர் அவேக் எழுதினீர்கள். யூனிட்டி சேயின் அவேக்கை மட்டும் கூப்பிடும், தாயினுடையது தூங்கும். தாயில் ‘புரொட்டெக்டட் விர்ச்சுவல்’, சேயில் ‘புரொட்டெக்டட் ஓவர்ரைடு’ என்று மாற்றி, சேயின் முதல் வரியாக பேஸ்.அவேக்() எழுதுங்கள்.

மூன்றாவது தனிப் பகுதிக்குத் தகுதியானது.

அறிகுறி: மூடியிருக்கும் பேனலின் மெத்தடைக் கூப்பிட்டதும் நல்

ஆட்டம் முடிந்ததும் தோன்ற வேண்டிய பேனல். தொடக்கத்தில் இன்ஸ்பெக்டரில் அதன் டிக்கை எடுத்து வைத்திருக்கிறீர்கள். அதன் ஸ்கிரிப்ட் தன் டெக்ஸ்டை அவேக்கில் எடுத்துக்கொள்கிறது. வேறொரு ஸ்கிரிப்ட் பேனல்.காட்டு(மதிப்பெண்) என்று கூப்பிடுகிறது, உடனே நல்.

இன்ஆக்டிவ் ஆப்ஜெக்ட்டில் அவேக் ஓடாது. ஆனால் அதன் மெத்தடுகளை வெளியிலிருந்து கூப்பிடத் தடையேதும் இல்லை, சி ஷார்ப்பைப் பொறுத்தவரை அது உயிருள்ள ஆப்ஜெக்ட்டே. ஆகவே காலி ஆணிகளோடு மெத்தட் ஓடுகிறது.

வரிசையை மாற்றினால் போதும். முதலில் செட்ஆக்டிவ்(ட்ரூ), பிறகு காட்டு(). செட்ஆக்டிவ் அழைப்பு முடிவதற்குள் அவேக்கும் ஆன்எனேபிளும் ஓடிவிடும். ஸ்டார்ட் அப்போது ஓடாது, முதல் அப்டேட்டுக்கு முன்புதான் ஓடும். அதனால் ஸ்டார்ட்டில் எடுத்து வைத்த எதையும் காட்டு() மெத்தடில் நம்ப முடியாது. இத்தகைய பேனல்களுக்கு அவேக்கையே நம்பாமல் டெக்ஸ்டை இன்ஸ்பெக்டரில் இழுத்துப் போட்டுவிடுவது நல்லது. இன்ஸ்பெக்டர் ரெஃபரன்ஸ், சீன் (ஆட்டத்தின் ஒரு காட்சி) ஏறும்போதே வந்துவிடும், எந்த மெத்தடும் ஓட வேண்டியதில்லை.

ஒரு நுணுக்கம்: ஆப்ஜெக்ட் ஆக்டிவாக இருந்து, ஸ்கிரிப்ட்டின் டிக்கை மட்டும் எடுத்திருந்தால் அவேக் ஓடும், ஸ்டார்ட் ஓடாது.

அறிகுறி: ஒருமுறை ஓடுகிறது, இன்னொருமுறை உடைகிறது

இரண்டு ஸ்கிரிப்ட்டுகள். ஒன்று தன் அவேக்கில் மற்றதன் மாறியைக் கேட்கிறது. மற்றதன் அவேக் முன்பே ஓடியிருந்தால் சரி, ஓடாவிட்டால் நல். ஆப்ஜெக்ட்டுகளுக்கிடையே அவேக் எந்த வரிசையில் ஓடும் என்று யூனிட்டி உறுதி தருவதில்லை. உங்கள் கணினியில் ஓடும், நண்பரின் கணினியில் உடையும். எடிட்டரில் ஓடும், பில்டில் உடையும்.

உறுதியாக நம்பக்கூடியது ஒன்று: சீன் ஏறும்போது ஆக்டிவாக உள்ள எல்லா ஆப்ஜெக்ட்டுகளின் அவேக்கும் முடிந்த பிறகே எந்த ஸ்டார்ட்டும் தொடங்கும். இதை வைத்து ஒரு வழக்கத்தை அமைத்துக்கொள்ளலாம். அவேக்கில் உங்கள் சொந்த ஆணிகளில் மட்டும் சாவி மாட்டுங்கள். ஸ்டார்ட்டில் மற்றவரிடம் கேளுங்கள்.

ஆன்எனேபிளை ஸ்டார்ட் போல நினைத்து ஏமாறுபவர் உண்டு. ஒவ்வோர் ஆப்ஜெக்ட்டிலும் அவேக்கை அடுத்து ஆன்எனேபிள் உடனே ஓடும். ஆகவே முதல் ஆப்ஜெக்ட்டின் ஆன்எனேபிள், இரண்டாவதன் அவேக்குக்கு முன்பே நடந்துவிடலாம். மேனேஜரின் ஈவென்ட்டில் ஆன்எனேபிளில் பதிவு செய்யும் ஸ்கிரிப்ட்டுகள் முதல் ஃபிரேமில் விழுவது இதனால்தான்.

புராஜெக்ட் செட்டிங்ஸில் ‘ஸ்கிரிப்ட் எக்ஸிக்யூஷன் ஆர்டர்’ என்ற பக்கம் இருக்கிறது. அங்கே மேனேஜருக்கு -100 போன்ற எண் கொடுத்தால் அது முந்தி ஓடும். ஒன்றிரண்டு மேனேஜர்களுக்கு இது போதும். பத்து ஸ்கிரிப்ட்டுகளுக்கு எண் கொடுக்கும் நிலை வந்தால், குறை எண்ணில் இல்லை, யார் யாரைக் கேட்பது என்ற அமைப்பில் இருக்கிறது.

அறிகுறி: ‘மோனோபிஹேவியரை நியூ போட்டு உருவாக்க முயல்கிறீர்கள்’ என்ற எச்சரிக்கை

மோனோபிஹேவியர் என்பது யூனிட்டி ஸ்கிரிப்ட்டுகளின் அடிப்படைக் கிளாஸ். சாதாரண சி ஷார்ப் கற்றுவிட்டு வருபவர்களின் கை இயல்பாக இப்படிப் போகும்:

எதிரி புதியஎதிரி = நியூ எதிரி();

யூனிட்டியின் காம்பொனன்ட்டுக்கு இரண்டு பாதிகள். ஒரு பாதி சி ஷார்ப் பக்கம், மறுபாதி எஞ்சினின் சி++ பக்கம். நியூ போட்டால் சி ஷார்ப் பாதி மட்டும் பிறக்கிறது. எந்த கேம்ஆப்ஜெக்ட்டிலும் ஒட்டாத, டிரான்ஸ்ஃபார்ம் இல்லாத, அவேக் ஓடாத வெறும் கூடு. பூட்டே இல்லாத ஊரில் வெட்டிய சாவி மாதிரி. அதை நல் உடன் ஒப்பிட்டால் ‘ஆமாம், நல்தான்’ என்றே விடை வரும், ஏனென்றால் யூனிட்டி தன் ஆப்ஜெக்ட்டுகளுக்கான இரட்டைச் சமக்குறியை மாற்றி எழுதியிருக்கிறது. சி++ பாதி இல்லையென்றால் அது நல் என்றே சொல்லும்.

நியூ ரிஜிட்பாடி() என்று எழுதினால் கம்பைல் ஆகும், தொட்டதும் விழும். நியூ டிரான்ஸ்ஃபார்ம்() எழுதினால் கம்பைலரே தடுத்துவிடும், அதன் கன்ஸ்ட்ரக்டர் பூட்டப்பட்டது. எதற்கு எது என்று ஒருமுறை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்:

காம்பொனன்ட், மோனோபிஹேவியர் வேண்டுமா? கேம்ஆப்ஜெக்ட்.ஆட்காம்பொனன்ட்<எதிரி>().
காலியான ஆப்ஜெக்ட் வேண்டுமா? நியூ கேம்ஆப்ஜெக்ட்("எதிரி"). இங்கே நியூ செல்லும், டிரான்ஸ்ஃபார்மோடு பிறக்கும்.
பிரிஃபேப்பின் நகல் வேண்டுமா? இன்ஸ்டான்ஷியேட்.
ஸ்கிரிப்டபிள்ஆப்ஜெக்ட் (தகவல்களை வைத்திருக்கும் யூனிட்டி வகை) வேண்டுமா? ஸ்கிரிப்டபிள்ஆப்ஜெக்ட்.கிரியேட்இன்ஸ்டன்ஸ்.
யூனிட்டியின் எந்தக் கிளாஸையும் சாராத உங்கள் சொந்தக் கிளாஸ், லிஸ்ட், டிக்‌ஷனரி ஆகியவற்றுக்கு நியூதான்.

கடைசி வரியைக் கவனியுங்கள். உயிர், கவசம், பெயர் என்று மூன்று மதிப்புகளை வைத்திருக்க மட்டும் ஒரு கிளாஸ் வேண்டுமென்றால் அது மோனோபிஹேவியராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கிளாஸ் பெயருக்குப் பின் உள்ள மோனோபிஹேவியரை எடுத்துவிட்டால் நியூ ஒழுங்காக வேலை செய்யும். பாதி நேரம் இதுவே சரியான திருத்தம்.

அறிகுறி: 5 எதிரிகளை உருவாக்கினேன், எதிரிகள்[0] நல்

எதிரி[] எதிரிகள் = நியூ எதிரி[5];

இந்த வரி 5 எதிரிகளை உருவாக்கவில்லை. 5 ஆணிகள் கொண்ட ஒரு பலகையை உருவாக்கியது. பலகை இருப்பதால் எதிரிகள்.லெங்த் 5 என்று வரும், அதைப் பார்த்து எல்லாம் சரி என்று நினைத்துவிடுவோம். ஒவ்வொரு ஆணியிலும் தனித்தனியாக மாட்ட வேண்டும்:

ஃபார் (இன்ட் எண்...) போன்ற சுற்று ஒன்றுக்குள்
எதிரிகள்[எண்] = இன்ஸ்டான்ஷியேட்(எதிரிபிரிஃபேப்);

இன்ட், வெக்டர்3 வரிசைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவை பூஜ்ஜியங்களோடு வரும். அங்கே பழகிவிட்டு இங்கே வரும்போதுதான் தடுக்கும்.

அறிகுறி: பப்ளிக்காக இருந்தவரை ஓடியது, பிரைவேட் ஆக்கியதும் உடைந்தது

பப்ளிக் லிஸ்ட்<இன்ட்> மதிப்பெண்கள்;

நியூ எங்கேயும் எழுதவில்லை, ஆனாலும் மதிப்பெண்கள்.ஆட்(10) ஓடியது. யாரோ கோடைச் சுத்தம் செய்கிறேன் என்று பப்ளிக்கை பிரைவேட் ஆக்கினார்கள், உடனே நல்ரெஃபரன்ஸ்.

பப்ளிக் ஃபீல்டை யூனிட்டி சீரியலைஸ் செய்கிறது, அதாவது அதன் மதிப்பைச் சேமித்து வைக்கிறது. இன்ஸ்பெக்டரில் காட்ட வேண்டும் என்பதற்காகக் காலி லிஸ்ட் ஒன்றைத் தானே உருவாக்கி வைத்துவிடுகிறது. நீங்கள் செய்ய வேண்டிய நியூவை அது சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது. பிரைவேட் ஆனதும் அந்தச் சேவை நின்றது. ‘சீரியலைஸபிள்’ குறி போட்ட உங்கள் சொந்தக் கிளாஸுக்கும் இதே கதை. டிக்‌ஷனரிக்கு மட்டும் பப்ளிக் ஆனாலும் இந்தச் சலுகை கிடையாது.

அறிவிக்கும் வரியிலேயே = நியூ லிஸ்ட்<இன்ட்>() எழுதிவிடுங்கள், பப்ளிக்கோ பிரைவேட்டோ. ஆனால் ரிஜிட்பாடி, எதிரி போன்ற காம்பொனன்ட் மாறிகளுக்கு இந்தத் தானியங்கிச் சேவை எப்போதுமே இல்லை. அவற்றுக்கு யூனிட்டி ‘நன்’ என்ற காலிக் கட்டத்தை மட்டுமே காட்டும்.

அறிகுறி: கம்பைலே ஆகவில்லை

இவை எளிது. கம்பைலர் பிடித்துக் கொடுத்தால் நன்றி சொல்ல வேண்டும், ஓடும்போது தேட வேண்டியதில்லை.

சிஎஸ்0165: மெத்தடுக்குள் அறிவித்த மாறியை மதிப்பு தராமல் பயன்படுத்திவிட்டீர்கள். ஃபீல்டுக்கு நல் தானாக வரும், உள்ளூர் மாறிக்கு அதுவும் வராது. ‘= நல்’ என்று எழுதிக் கம்பைலரின் வாயை அடைத்தால், அதே பிழை ஓடும்போது வேறு பெயரில் வரும்.

சிஎஸ்0236: அறிவிக்கும் வரியிலேயே = கெட்காம்பொனன்ட்<ரிஜிட்பாடி>() எழுதினால் வரும். ஆப்ஜெக்ட் முழுதாகப் பிறக்கும் முன் அதனிடமே எதையும் கேட்க முடியாது. அவேக்குக்குள் நகர்த்துங்கள். தந்திரமாகக் கன்ஸ்ட்ரக்டருக்குள் வைத்தாலும் யூனிட்டி ஓடும்போது மறுத்துவிடும்.

சிஎஸ்0108 என்ற மஞ்சள்: மாறிக்கு ரிஜிட்பாடி, கேமரா என்று முழுச் சிறிய எழுத்தில் பெயர் வைத்தால் வரும். யூனிட்டி 5-க்கு முன்பு அந்தப் பெயர்களில் குறுக்குவழிகள் இருந்தன. அவற்றின் மிச்சத்தோடு உங்கள் பெயர் மோதுகிறது. ஆபத்தில்லை, ஆனால் பெயரை மாற்றிவிடுங்கள். பழைய பாடங்களில் கெட்காம்பொனன்ட் இல்லாமல் நேரடியாக அந்தக் குறுக்குவழியைத் தொட்டு எழுதிய கோடு இருந்தால், அது இன்று ஓடாது.

அறிகுறி: இன்ஸ்பெக்டரில் நிரப்பியிருக்கிறேன், ஆனாலும் அன்அசைன்ட்

நீங்கள் பார்க்கும் ஆப்ஜெக்ட்டும் விழும் ஆப்ஜெக்ட்டும் ஒன்றல்ல என்பதே பெரும்பாலான விடை. ஸ்கிரிப்ட்டைத் தவறுதலாகக் கேமராவிலும் இழுத்துப் போட்டிருப்பீர்கள், அந்தப் பிரதியில் கட்டம் காலி. சீனில் உள்ள ஆப்ஜெக்ட்டுகளைப் பட்டியலிடும் ஹையரார்க்கி ஜன்னலின் தேடல் பெட்டியில் டி எழுத்தும் முக்காற்புள்ளியும் போட்டு ஸ்கிரிப்ட்டின் பெயரைத் தட்டினால், அது ஒட்டியிருக்கும் எல்லா ஆப்ஜெக்ட்டுகளும் வரிசையாக வரும். ஒன்று வர வேண்டிய இடத்தில் இரண்டு வந்தால் முடிந்தது வேலை.

இன்னொரு வழி: டீபக்.லாக்("காலி", திஸ்). இரண்டாவதாக ‘திஸ்’ கொடுத்திருப்பதால், கன்சோலில் அந்த வரியை ஒருமுறை சொடுக்கினால் எந்த ஆப்ஜெக்ட் பேசுகிறது என்று ஹையரார்க்கியில் மஞ்சளாக மின்னும்.

இரண்டுமில்லை என்றால்: நிரப்பியது பிளே ஓடும்போதா? பிளேயை நிறுத்தியதும் அது அழிந்திருக்கும். அல்லது, கட்டம் நிரம்பியே இருக்கிறது ஆனால் அவேக்கில் ஒரு கெட்காம்பொனன்ட் வரியும் இருக்கிறது. அது எதையும் காணாமல் நிரம்பிய கட்டத்தின் மேல் காலியை எழுதிவிட்டது. ஒரு மாறிக்கு ஒரு வழி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மாறியின் பெயரை மாற்றினாலும் கட்டம் காலியாகும். யூனிட்டி மதிப்பைப் பெயரோடு சேர்த்துத்தான் சேமிக்கிறது. ஃபார்மர்லிசீரியலைஸ்ட்ஆஸ் என்ற குறியில் பழைய பெயரைக் கொடுத்துவிட்டுப் பெயர் மாற்றினால் மதிப்பு தங்கும்.

அறிகுறி: கட்டத்தில் இழுத்துப் போட்டால் ஏற்க மறுக்கிறது

வகை பொருந்தவில்லை. திரையில் தெரியும் எழுத்துக்கு டெக்ஸ்ட்மெஷ்புரோயுஜியுஐ. முப்பரிமாண உலகில் நிற்கும் எழுத்துக்கு டெக்ஸ்ட்மெஷ்புரோ. பெயரைப் பார்த்து இரண்டாவதை அறிவித்துவிட்டு முதலாவதை இழுத்தால் போகாது. டிஎம்பி_டெக்ஸ்ட் என்று அறிவித்தால் இரண்டையும் ஏற்கும். கொலைடர் இடத்தில் கொலைடர்2டி, ரிஜிட்பாடி இடத்தில் ரிஜிட்பாடி2டி என்பதும் இதே வகைக் குழப்பம்.

வகை சரி, ஆனாலும் போகவில்லை என்றால், நீங்கள் திறந்திருப்பது புராஜெக்ட் கோப்புறையில் உள்ள பிரிஃபேப். இழுப்பது சீனில் உள்ள ஆப்ஜெக்ட். பிரிஃபேப் எந்தச் சீனிலும் பயன்படக் கூடியது, ஒரு குறிப்பிட்ட சீனின் பொருளை அது நினைவில் வைக்க முடியாது. எதிரியை யார் உருவாக்குகிறாரோ அவரே உருவாக்கிய கையோடு கொடுக்க வேண்டும்:

எதிரி புதியது = இன்ஸ்டான்ஷியேட்(எதிரிபிரிஃபேப், இடம், கோணம்);
புதியது.அமை(வீரர்);

இங்கே ஒரு பொறி. இன்ஸ்டான்ஷியேட் திரும்பி வருவதற்குள் புதியதன் அவேக்கும் ஆன்எனேபிளும் ஓடி முடிந்திருக்கும், வீரர் இன்னும் போய்ச் சேரவில்லை. எனவே வீரரைத் தொடும் வேலை எதையும் அவேக்கில் வைக்காதீர்கள். அமை() மெத்தடுக்குள்ளேயோ ஸ்டார்ட்டிலோ வையுங்கள்.

அறிகுறி: தோட்டா தோன்றுகிறது, நகரவில்லை

இன்ஸ்டான்ஷியேட்(தோட்டாபிரிஃபேப்);
தோட்டாபிரிஃபேப்.கெட்காம்பொனன்ட்<ரிஜிட்பாடி>().ஆட்ஃபோர்ஸ்(திசை * வேகம்);

பிழைச் செய்தி இல்லை. தள்ளப்பட்டது அச்சு, வார்ப்பு அங்கேயே நிற்கிறது. இன்ஸ்டான்ஷியேட் தரும் நகலை மாறியில் பிடித்து அதைத் தள்ளுங்கள். இதே தவறை டிரான்ஸ்ஃபார்மின் ஸ்கேலில் செய்தால் விளைவு மோசம்: எடிட்டரில் பிரிஃபேப் கோப்பே மாறிவிடும், பிளேயை நிறுத்தினாலும் பழைய நிலைக்கு வராது.

பிரிஃபேப் மாறியைக் கேம்ஆப்ஜெக்ட் என்பதற்குப் பதில் ரிஜிட்பாடி என்றே அறிவிக்கலாம். இன்ஸ்டான்ஷியேட் முழு ஆப்ஜெக்ட்டையும் நகலெடுத்து, அந்த நகலின் ரிஜிட்பாடியை உங்கள் கையில் தரும். கெட்காம்பொனன்ட் வரியே தேவைப்படாது. ரிஜிட்பாடி இல்லாத பிரிஃபேப்பை இன்ஸ்பெக்டர் கட்டமும் ஏற்காது.

அறிகுறி: மிஸ்ஸிங்காம்பொனன்ட்

செய்தியில் உள்ள ஆப்ஜெக்ட்டைத் திறந்து பாருங்கள். காம்பொனன்ட் அதில் இல்லாமல் சேய் ஆப்ஜெக்ட்டில் இருந்தால் கெட்காம்பொனன்ட்இன்சில்ட்ரன். அது தன்னிலும் தேடும், பிறகே சேய்களில் தேடும். இன்ஆக்டிவ் சேய்களைத் தவிர்த்துவிடும். அவையும் வேண்டுமென்றால் அடைப்புக்குறிக்குள் ட்ரூ கொடுக்க வேண்டும்.

ரிக்வயர்காம்பொனன்ட் குறியைக் கிளாஸின் தலையில் வைத்தால் ஸ்கிரிப்ட்டை ஒட்டும்போதே ரிஜிட்பாடியும் சேர்ந்துகொள்ளும். ஆனால் குறியை எழுதுவதற்கு முன்பே ஒட்டிய ஆப்ஜெக்ட்டுகளுக்கு அது சேர்க்காது. அவற்றுக்கு நீங்களே சேர்க்க வேண்டும்.

‘இருந்தால் எடு, இல்லாவிட்டால் சேர்’ என்பதை இரட்டைக் கேள்விக்குறியால் ஒரே வரியில் எழுத ஆசை வரும். எழுதாதீர்கள். எடிட்டரில் கெட்காம்பொனன்ட் எதையும் காணாதபோது உண்மையான நல்லுக்குப் பதில் ஒரு போலி ஆப்ஜெக்ட்டைத் தரலாம். மேலே பார்த்த செய்தியில் ஆப்ஜெக்ட்டின் பெயர் வருவது அந்தப் போலியின் தயவால்தான். இரட்டைச் சமக்குறி அதை நல் என்று அறியும், இரட்டைக் கேள்விக்குறி அறியாது. யூனிட்டி 2019.2 முதல் உள்ள டிரைகெட்காம்பொனன்ட்டை ஒரு இஃப் வரிக்குள் வைத்து எழுதினால் இந்தச் சிக்கலே இல்லை.

அறிகுறி: மிஸ்ஸிங்ரெஃபரன்ஸ்

மாறியில் இருந்தது உண்மையான ஆப்ஜெக்ட்தான், நடுவில் யாரோ டெஸ்ட்ராய் செய்துவிட்டார்கள். எதிரியைக் குறிவைத்த பீரங்கி, எதிரி செத்த பிறகும் அதன் டிரான்ஸ்ஃபார்மைக் கேட்கிறது. பயன்படுத்தும் முன் இஃப் (இலக்கு != நல்) என்று கேளுங்கள். கேள்விக்குறியும் புள்ளியும் சேர்ந்த சுருக்கம் இங்கேயும் ஏமாற்றும். சி ஷார்ப் கூடு இன்னும் இருப்பதால் அது தாராளமாக உள்ளே போய் விழும். டெஸ்ட்ராய் உடனே நடப்பதில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும், அந்த ஃபிரேமின் முடிவில்தான் நடக்கும். டெஸ்ட்ராய் எழுதிய அடுத்த வரியிலேயே நல் சோதனை செய்தால் ‘இருக்கிறது’ என்றே வரும்.

இங்கே நல் சோதனை சரியான மருந்து, ஏனென்றால் எதிரி சாவது ஆட்டத்தின் இயல்பு. ஆனால் அவேக்கில் நிரம்பியிருக்க வேண்டிய உடலுக்கு அப்டேட்டில் ‘நல் என்றால் ரிட்டர்ன்’ என்று எழுதுவது காய்ச்சல்மானியை உடைத்துக் காய்ச்சலைப் போக்குவது. சிவப்பு வரி மறையும், ஆட்டக்காரர் நகரமாட்டார், காரணம் தேடப் பிடி எதுவும் இருக்காது.

அறிகுறி: எடிட்டரில் ஓடுகிறது, பில்டில் விழுகிறது

அன்அசைன்ட், மிஸ்ஸிங்காம்பொனன்ட் என்ற விரிவான பெயர்கள் எடிட்டரின் உதவி மட்டுமே. பில்டில் அவையெல்லாம் வெறும் நல்ரெஃபரன்ஸாகச் சுருங்கிவிடும். ஆகவே பில்டுக்குப் போகும் முன் எடிட்டர் கன்சோலில் ஒரு சிவப்பு வரியும் மிச்சம் இருக்கக் கூடாது.

அப்படியும் விழுந்தால் பில்ட் ஜன்னலில் ‘டெவலப்மென்ட் பில்ட்’ டிக்கைப் போட்டு மறுபடி பில்ட் செய்யுங்கள். விண்டோஸில் பிளேயர்.லாக் கோப்பு, பயனர் கோப்புறையின் ஆப்டேட்டாவில், லோக்கல்லோ என்ற கோப்புறைக்குள், நிறுவனப் பெயர், ஆட்டப் பெயர் என்ற வரிசையில் கிடைக்கும். ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் இணைத்து ஏடிபி லாக்கேட் ஓட்டினால் அதே செய்திகள் வரும், யூனிட்டி என்ற குறிச்சொல்லை வைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். லாக்கில் மெத்தடின் பெயர் அவேக் அல்லது ஆன்எனேபிள் என்று இருந்தால் பெரும்பாலும் மேலே சொன்ன வரிசைப் பிரச்சினைதான். மற்றவரைக் கேட்கும் வரியை ஸ்டார்ட்டுக்கு நகர்த்திவிட்டு மறுபடி பில்ட் செய்து பாருங்கள்.